சட்டையை எழுது

பைண்டு செய்த நாவலுக்கு அட்டைப்படம் கிடையாது. 1970களில் தென்காசியில் வாடகைக்குப் புத்தகம் கொடுத்த கடைகளில் புது நாவல் வந்ததும் முதல் வேலையாக அதைப் பிரித்துப்போடுவார்கள். வழவழப்பான மேலட்டை கழன்று போகும். கெட்டி அட்டை வைத்துத் தைத்து, காலிகோ ஒட்டி, முதுகில் ஓர் எண்ணை எழுதி அடுக்கிவிட்டால் சாண்டில்யனும் லட்சுமியும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். கல்கியிலும் விகடனிலும் குமுதத்திலும் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த தொகுதிகளும் அதே வரிசையில் நிற்கும். படம் இல்லை, பின்னட்டை இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வாசகருக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

எங்கள் தெருமுனைக் கடையில் அதைச் சொன்னது ஒரு துண்டுச் சீட்டு. முதல் பக்கத்தில், தேதி குறிக்கும் தாளுக்கு மேலே கடைக்கார அண்ணாச்சி ஒட்டுவார். இரண்டு மூன்று வரிதான். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் பள்ளிக்கூடம் விட்டதும் எழுதித்தரக் கூப்பிட்டார். கூலியாக இலவசமாகப் படிக்கலாம். அந்தச் சீட்டுகளில் சில இன்னும் மனதில் இருக்கின்றன:

‘முதல் நாற்பது பக்கம் நகராது. பாட்டி வீட்டுக்குள் வந்த பிறகு கீழே வைக்க மாட்டீர்கள்.’

‘மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் இதைப் படிக்கலாம்.’

‘சாகப்போவது யார் என்று தெரிந்த பிறகும் இரண்டாம் தடவை எடுத்துப் போனவர்கள் உண்டு.’

சீட்டு எழுதுவதற்கு முன் அண்ணாச்சியிடம் ஒரு பரீட்சை உண்டு. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பார்:

“முழுசாப் படிச்சியாடே?”

“படிச்சேன் அண்ணாச்சி.”

“எந்த எடத்துல ஒனக்கு நெஞ்சு அடைச்சுது?”

“மகன் போன பொறவு அந்தப் பெரியவரு பெட்டியத் தொறந்து அவன் சட்டைய எடுத்து மோந்து பாக்காருல்லா, அந்த எடம்.”

“அப்ப சட்டைய எழுது. நெஞ்சு அடைக்கும்னு எழுதாத. நீ எழுதிட்டன்னா அவங்களுக்கு எப்படிடே அடைக்கும்?”

புனைகதையை விற்பதற்கு எழுதும் வரிகளைப் பற்றி அதன் பிறகு எத்தனையோ பேர் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள். வாசகரின் பயத்தைத் தொடு, ஆசையைத் தொடு, கேள்வியோடு முடி என்று வகுப்பே நடத்துகிறார்கள். எல்லாம் பயன்படத்தான் செய்கின்றன. ஆனால் அண்ணாச்சி சொன்னதைவிடப் பெரிதாக எதையும் நான் கேட்டதில்லை. உணர்ச்சியின் பெயரைச் சொன்னால் வாசகர் அதைத் தகவலாகத்தான் எடுத்துக்கொள்கிறார். உணர்ச்சி பிறந்த பொருளைக் காட்டினால், மிச்சத்தை அவரே செய்துகொள்கிறார்.

அண்ணாச்சியை நேர்மையாக வைத்திருந்தது குணம் மட்டும் இல்லை, அந்தத் தொழிலின் அமைப்பும்தான். வாடகைப் புத்தகம் திரும்பி வரும். கொண்டுவருகிறவர் வாய் திறந்து சொல்வார். ‘விடிய விடியத் தூங்கவிடாது’ என்று சீட்டில் எழுதியிருந்து, டீச்சரம்மா பத்தாம் பக்கத்திலேயே தூங்கிப்போயிருந்தால் மறுநாள் சாயங்காலம் கடையில் வைத்தே கேட்பார். அதற்கடுத்த சீட்டை அவர் நம்ப மாட்டார். ஊர் சிறியது. நம்பாத ஒருவர் ஒரு தெருவையே நம்பாமல் ஆக்கிவிடுவார். அதனால்தான் ‘நாற்பது பக்கம் நகராது’ என்ற குறையையும் சீட்டிலேயே சொல்லிவிடுவது. குறையைச் சொன்ன சீட்டுள்ள புத்தகங்கள் அலமாரியில் தங்கியதே இல்லை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல் விடுவதை அண்ணாச்சி எங்கே கற்றார் என்பதும் எனக்குத் தெரியும். சிறுவயதில் குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. பாட்டுச் சொல்லிக் கேட்டவர் அவர். டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் கடைசிக் காலத்தில் குற்றாலத்தில்தான் வாழ்ந்தார். ராஜாஜியும் கல்கியும் அந்த வீட்டுக்கு வந்து போனார்கள். கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால், இது உயர்ந்த பாட்டு, உருக்கமான பாட்டு என்று அவர் முன்கூட்டிச் சான்றிதழ் கொடுப்பதில்லையாம். ஓர் அடியைச் சொல்வார், நிறுத்துவார், திரும்ப அதையே சொல்வார். கேட்கிறவர் முகத்தில் ஏதோ அசையும் வரை அடுத்த அடிக்குப் போக மாட்டார். தமிழ்ப் பண்டிதர்கள் கையில் இருந்த கம்பனை வக்கீல்களுக்கும் வியாபாரிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். தமிழில் ஒரு நூலை மக்களிடம் விற்றவர்களில் அவரை முதல் வரிசையில் வைக்கத் தயங்க மாட்டேன். விற்றார் என்ற சொல் அவருக்குக் குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவர் 1954 பிப்ரவரியில் காலமானார். கல்கி அதே ஆண்டு டிசம்பரில். இரண்டு மரணங்களுக்கும் நடுவே, மே மாதத்தில், 1950 அக்டோபரில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ தொடர் முடிந்தது. மூன்றரை வருடம் ஒரு தமிழ்ச் சமூகத்தையே வாரம் தவறாமல் காத்திருக்க வைத்த கதை அது. தொடர்கதைக்குத் தனியாக விளம்பரம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பத்தியே அடுத்த வாரத்துக்கான விளம்பரம்.

தொடர்கதைகளில் நான் மிகவும் விரும்பிப் படித்தது ‘முன்கதைச் சுருக்கம்’. பைண்டு தொகுதிகளில் அவை அப்படியே இருக்கும். முப்பதாவது வாரத்தில் முதல்முறையாகப் பத்திரிகை வாங்குகிறவரை எட்டுப் பத்து வரியில் கதைக்குள் இழுத்துவர வேண்டும். பெயர் தெரியாத ஓர் உதவியாசிரியர் அதை எழுதியிருப்பார். எதைச் சொன்னார், எதை விட்டார் என்று வரிவரியாகப் பார்ப்பேன். நல்ல சுருக்கம் கதையைச் சொல்லி முடிக்காது. இரண்டு மனிதர்களை ஓர் இக்கட்டில் நிறுத்திவிட்டு விலகிக்கொள்ளும். பின்னட்டை எழுதும் தொழிலுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் இல்லை. ஒருவர்கூடக் கையெழுத்துப் போடாமல் செய்த வேலை இது என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

அந்தக் காலத்தின் பத்திரிகை முதலாளிகளுக்கும் இந்தக் கலை தெரிந்திருந்தது. 1928ல் ‘ஆனந்த விகட’னை வாங்கிய எஸ்.எஸ். வாசன் அதற்கு முன் விளம்பரத் தொழிலில் இருந்தவர். கதை எழுதவும் தெரிந்தவர். அவர் எழுதிய ‘சதிலீலாவதி’தான் 1936ல் படமாகி எம்.ஜி.ஆரின் முதல் படமாயிற்று. எழுதத் தெரிந்தவரே விற்கவும் செய்ததால் அவர் விளம்பரங்களில் கதை மணம் இருந்தது.

ஜூன் பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று வந்து சாரல் தூற ஆரம்பித்ததும் அண்ணாச்சி குற்றாலத்தில் சீசன் கடை போடுவார். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான், இவற்றுக்கு நடுவே கயிறு கட்டிக் கிளிப்பில் தொங்கும் மாத நாவல்கள். 1969ல் ‘ராணி முத்து’ வந்தபின் மாதம் ஒரு நாவல் என்ற பழக்கம் ஊரெங்கும் பரவியிருந்தது. பிறகு ‘மாலைமதி’, ராஜேஷ்குமாரின் துப்பறியும் கதைகள், ரமணிசந்திரனின் குடும்பக் கதைகள். பைண்டு கடையில் வராத பிரச்சினை இங்கே வந்தது. அட்டையில் ஜெயராஜ் வரைந்த பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். மேலே ‘பரபரப்பான முழு நாவல்’ என்று அச்சடித்திருக்கும். எல்லா நாவலும் பரபரப்பானவையாக இருந்தால் எதை எடுப்பது?

அங்கே வருகிறவர் ஊர்க்காரர் இல்லை. மதுரையிலிருந்தோ ராஜபாளையத்திலிருந்தோ வந்து இரண்டு நாள் லாட்ஜில் தங்கிப் போகிறவர். புத்தகம் பிடிக்கவில்லை என்று சொல்ல அவர் திரும்பி வரப்போவதில்லை. இருந்தும் அண்ணாச்சி சீட்டை மாற்றவில்லை. ஒரு கரும்பலகை வைத்து எந்தக் கதை யாருக்கு ஆகும் என்று எழுதச் சொன்னார். மெயினருவியில் வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டி, போலீஸ் குளிக்கத் தடை போட்ட ஒருநாள் அதில் நான் எழுதியது: ‘அருவி திறக்கும் வரை படிக்க: ஒரு கொலை, ஒரு ரயில், டிக்கெட் எடுக்காத ஒரு பாட்டி.’ ஈரத் துண்டோடு நின்று வாசித்தவர்கள் பாட்டியைப் பற்றித்தான் விசாரித்தார்கள். கொலையை ஒருவரும் கேட்கவில்லை. எல்லாக் கதையிலும் கொலை இருந்தது, பாட்டி இந்த ஒரு கதையில்தான் இருந்தாள்.

இதே குற்றாலத்தில்தான் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடினார். குறத்தி குறி சொல்ல வருகிறாள். கூலி கேட்பதற்கு முன் தன் மலையைச் சொல்கிறாள். அங்கே என்ன விளைகிறது, எந்தக் குரங்கு என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாக. மலை உயர்ந்தது என்று மட்டும் சொல்லியிருந்தால் யார் நின்று கேட்டிருப்பார்கள்?

1980களின் நடுவில் நான் சென்னைக்குப் போய் ஒரு பதிப்பகத்தில் சேர்ந்தேன். பின்னட்டை எழுதும் வேலை. அங்கே முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் மட்டும் கைக்கு வரும், சாயங்காலத்துக்குள் பத்து வரி போக வேண்டும். நடுவில் இருக்கும் முந்நூறு பக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. ‘உள்ளத்தை உலுக்கும்’, ‘கண்களைக் குளமாக்கும்’ என்று எழுதிக் கொடுத்துவிடலாம், அச்சாகிவிடும். நான் ராத்திரி அறைக்குக் கைப்பிரதியை எடுத்துப் போய்ப் படித்தேன். அங்கே கேள்வி கேட்க ஆளில்லை. புத்தகம் விற்றால் விற்றதுதான், திரும்பி வராது. பின்னட்டையை நம்பி வாங்கி ஏமாந்தவர் எங்கோ திருச்சியில் இருப்பார். அவர் இனி வாங்காமல் போகும் புத்தகம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

இந்தத் தொழில் நமக்குப் புதிதில்லை என்பதையும் அங்கேதான் யோசிக்க ஆரம்பித்தேன். பவணந்தி முனிவரின் நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு விதி சொல்கிறது. ஆக்கியோன் பெயரும் நூல் பெயரும் மட்டும் போதாது. கேட்போர் யார், பயன் என்ன என்பதும் அதில் இருக்க வேண்டும். இன்று ஒரு விளம்பரக்காரர் முதலில் கேட்கும் இரண்டு கேள்விகளும் அவைதானே. எழுதியவர் தன்னைத்தானே புகழக் கூடாது. அப்படியானால் பாயிரம் யார் எழுதலாம்? நூலாசிரியரின் ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், தகுந்த உரைகாரர். நால்வரில் ஒருவர்கூட நூலையோ நூலாசிரியரையோ தெரியாதவர் இல்லை. நூறு பிரதி விற்றுத் தரும் பெயர் என்பதற்காகப் படிக்காத பிரபலத்திடம் அணிந்துரை வாங்கும் இன்றைய வழக்கத்துக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். படித்துவிட்டு இரண்டு வரி எழுதித்தர நூலாசிரியரின் ஊரிலேயே ஒரு நூலகர் இருப்பார், ஒரு தமிழாசிரியர் இருப்பார். அவர்களை யாரும் கேட்பதில்லை.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் பாட்டாக வெட்டி வைத்தது. தன் கோயிலின் உயரத்தைச் சொல்லவில்லை, செலவைச் சொல்லவில்லை. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால், அதை நீக்கிக் காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிந்தேன் என்கிறான். அரசன், இன்னும் பிறக்காத ஒருவன் முன்னால் வணங்குகிறான். என் சின்ன வயதில் ராஜகோபுரம் இடிந்து மொட்டையாக நின்றது. அதற்குக் கீழே இந்தப் பாட்டை எனக்குத் தமிழாசிரியர் விளக்கியபோது தொண்டை அடைத்தது. 1990ல் புதுக் கோபுரம் எழுந்து குடமுழுக்கு நடந்தது. பாட்டைப் படித்ததால்தான் கட்டினார்கள் என்று சொல்ல வரவில்லை. முகம் தெரியாதவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டுமானால் எங்கே நின்றுகொண்டு கேட்க வேண்டும் என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு முன்மாதிரி கல்லில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது வாடகைக் கடைகள் இல்லை. ஆனால் 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபின் ஊருக்குப் புத்தகத் திருவிழா வந்திருக்கிறது. அரங்குக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது ‘பொன்னியின் செல்வன்’. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். மணிரத்னத்தின் படங்கள் 2022லும் 2023லும் வந்தபின் அச்சிடுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். கதை ஒன்று, எழுத்துக்கு எழுத்து ஒன்று. வித்தியாசம் விலையிலும் தாளிலும் அட்டையிலும் பின்னட்டை வரிகளிலும்தான். பின்னட்டை எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு கிடைக்குமா? வரிசையாக எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ‘சோழர் வரலாற்றின் மாபெரும் காவியம்’, ‘தலைமுறைகளைக் கடந்த காவியம்’, ‘தமிழரின் பெருமை’. ஐந்து பாகத்தையும் தூக்கிப் பார்த்துவிட்டு, கனத்தைக் கண்டு திரும்ப வைத்த ஒரு கல்லூரிப் பெண் என் பக்கத்தில் நின்றாள். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தனியாகக் குதிரையில் வரும் ஓர் இளைஞன், கையில் இருக்கும் ஓலையை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தவன் என்று ஒருவராவது எழுதியிருந்தால் அவள் முதல் பாகத்தையாவது வாங்கியிருப்பாள் என்று நம்புகிறேன்.

புத்தகத்தைவிட வேகமாக இன்று கதை ஓடுவது போனில். என் தம்பி மகள் ஒரு செயலியில் தொடர்கதை எழுதுகிறாள். வாரம் இரண்டு அத்தியாயம், கடைசியில் ‘தொடரும்’. எங்கள் காலத்தோடு செத்துப்போயிற்று என்று நாங்கள் நினைத்த அந்தச் சொல் அவள் கையில் நன்றாக உயிரோடு இருக்கிறது. வாசகர்கள் இரவு ஒரு மணிக்குக்கூட ‘அடுத்தது எப்போது?’ என்று எழுதுகிறார்கள். திரும்பி வந்து கேள்வி கேட்கும் வாசகரை அவள் தலைமுறை மறுபடியும் பெற்றிருக்கிறது. எனக்கு இதில் மிகுந்த சந்தோஷம். புதுக் கதைக்கு முகப்பு வரிகள் எழுதி என்னிடம் காட்டினாள்:

‘காதல்... துரோகம்... கண்ணீர்! விதி பிரித்த இரு இதயங்கள் மீண்டும் சேருமா? உங்கள் மனதை நொறுக்கும் உணர்ச்சிக் காவியம்!’

“நீ எழுதுனதாம்மா?”

“செயற்கை நுண்ணறிவுகிட்ட கதைச் சுருக்கத்தக் குடுத்தேன் பெரியப்பா. பத்து செகண்டுல தந்துட்டு.”

“இதை எடுத்து வேற ஒருத்தர் கதை மேல ஒட்டுனா ஒட்டுமா?”

யோசித்தாள். “எல்லாத்துக்கும் ஒட்டும்.”

“எழுதும்போது ஒனக்கே எங்க கை நின்னுச்சு?”

கடையநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண்ணின் கதை. கணவன் தம்மாமுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இறந்துபோகிறான். பீடித் தொழிலும் வளைகுடா வேலையும் இல்லாத தெரு எங்கள் வட்டாரத்தில் குறைவு. தம்பி மகளுக்கு அந்த வாழ்க்கை பக்கத்து வீடு. கை நின்ற இடத்தைச் சொன்னாள். அதை இருவரும் உட்கார்ந்து எழுதினோம். செயலியில் முதல் சில வரிதான் வெளியே தெரியும், மிச்சத்தைப் பார்க்க விரலால் தொட வேண்டும் என்றாள். அந்த அளவுக்குள் வந்தது இது:

‘மடியில் பீடித் தட்டு. பக்கத்தில் போன். தம்மாமிலிருந்து அவன் கடைசியாக அனுப்பிய குரல் பதிவு அதில் இருக்கிறது. ஏழு மாதமாக அவள் அதைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டால், இனிக் கேட்பதற்கு அவனுடையது ஒன்றும் மிச்சம் இருக்காது.’

எனக்குத் திருப்தி. அவளுக்கு இல்லை. கடைசி வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும் என்றாள்.

“ஏன் கேக்கலைன்னு இருபத்தேழாம் அத்தியாயத்துலதான் அவளே கண்டுபிடிக்கா. இங்கயே சொல்லிட்டா படிக்கவங்களுக்கு என்ன வேலை இருக்கு?”

“அது இல்லேன்னா புருஷன் மேல கோவத்துல கேக்காம இருக்கான்னு நெனைப்பாங்களே.”

“நெனைக்கட்டும். கோவம்னு நெனைச்சே உள்ள வரட்டும்.”

“அது ஏமாத்துன மாதிரி ஆகாதா?”

“இல்ல பெரியப்பா. மொதப் பத்து அத்தியாயத்துல அவளும் அதைக் கோவம்னுதான் நெனைச்சிக்கிட்டு இருக்கா.”

நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவளும் விடுவதாக இல்லை. வெள்ளிக்கிழமை முதல் அத்தியாயம் ஏறுகிறது. செயலியில் கடைசி வாக்கியம் இல்லாமலும், இன்ஸ்டாகிராமில் அதோடு சேர்த்தும் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. எந்த வரியைப் பார்த்து வந்தார்கள், வந்தவர்கள் எத்தனையாவது அத்தியாயம் வரை நின்றார்கள் என்பதை அவள் வாசகர்களிடமே கேட்டு எழுதிவைக்கப் போகிறாள்.